லண்டன் நேஷனல் கேலரி எப்படி ஊர்ச் சொத்தானது?

டிரஃபால்கர் சதுக்கத்துக்குப் போகிற நம்மூர்க்காரர்கள் பலர் நெல்சன் தூணையும் கீழே படுத்திருக்கும் சிங்கங்களையும் போட்டோ எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். சதுக்கத்தின் வடக்குப் பக்கத்தை முழுக்க அடைத்துக்கொண்டு, தூண்களும் நடுவில் சின்னதாக ஒரு குவிமாடமுமாக நீளமாய் நிற்கிறதே, அதுதான் நேஷனல் கேலரி. உள்ளே போக டிக்கெட் கிடையாது. வான் கோவின் சூரியகாந்திகள், டிஷியன், ரெம்பிரான்ட், டர்னர், டா வின்சி என்று 13ஆம் நூற்றாண்டிலிருந்து ஏறக்குறைய 1900 வரையிலான 2,300க்கும் மேற்பட்ட ஓவியங்கள் இந்த நிறுவனத்திடம் இருக்கின்றன. ஒவ்வொன்றும் என்ன விலை போகும் என்று யோசித்தால் தலை சுற்றும். ஆனாலும் யாரும் உங்களைக் கேள்வி கேட்காமல் உள்ளே விடுகிறார்கள்.

இது எப்படி நடந்தது, இந்தப் படங்கள் யாருடையவை, எதற்காக ஒரு நாடு ஓவியம் வாங்க வேண்டும் என்பதைத்தான் இங்கே எளிமையாகச் சொல்லப் பார்க்கிறேன். ஓவியக் கலை தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை, ஏனென்றால் இந்தக் கதையில் ஓவியத்தைவிட மனிதர்களும் பணமும் கூட்டமும்தான் அதிகம் வரும்.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக நல்ல ஓவியங்கள் இருந்தது தேவாலயத்தில், அரண்மனையில், அல்லது பெரிய மனிதர்களின் மாளிகையில். தேவாலயத்துப் படத்தை யாரும் பார்க்கலாம். மற்றவற்றைப் பார்க்க வீட்டுக்காரர் மனம் வைக்க வேண்டும், அதுவும் நல்ல உடுப்பும் ஓர் அறிமுகக் கடிதமும் இருந்தால்தான். பொதுக் கலைக்கூடம் என்பது இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கிய ஒன்று: படம் நாட்டு மக்களின் சொத்து, அதைப் பார்ப்பது யாரும் போடும் பிச்சை அல்ல, உரிமை. இனிமேல் பிறக்கப்போகிறவர்களுக்கும் அதே உரிமை உண்டு என்பதால் படத்தைக் கெடாமல் காப்பதும் அந்த ஏற்பாட்டில் சேர்த்தி. இந்த மூன்றும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் என்பதுதான் இருநூறு வருடக் கதையின் சுருக்கம். கூட்டத்தை உள்ளே விட்டால் படம் கெடும், படத்தைப் பூட்டி வைத்தால் அது மக்கள் சொத்தாக இருந்து என்ன பயன்?

பிரான்ஸில் இது புரட்சியால் வந்தது. மன்னரைக் கவிழ்த்து, அவருடைய படங்களை நாட்டுடைமையாக்கி, 1793இல் லூவர் அரண்மனையை மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். வேறு சில இடங்களில் ஆட்சியில் இருந்தவர்களே தங்கள் சேகரிப்பைத் திறந்துவிட்டார்கள். இங்கிலாந்தில் இரண்டுமே நடக்கவில்லை. மன்னர் குடும்பத்துப் படங்கள் அன்றும் அவர்களிடம்தான், இன்றும் அந்தச் சேகரிப்பு தனியாகத்தான் இருக்கிறது. ஆகவே நேஷனல் கேலரி கையில் ஒன்றுமில்லாமல் தொடங்கியது. அங்கே மாட்டியிருக்கிற ஒவ்வொரு படமும் காசு கொடுத்து வாங்கியது, யாரோ கொடையாகக் கொடுத்தது, அல்லது உயிலில் எழுதி வைத்தது. மற்ற நாடுகளின் பெரிய கலைக்கூடங்களிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது இந்த ஒரு விஷயம்தான் என்று நான் நினைக்கிறேன்.

ஒரு நல்ல வாய்ப்பைக் கோட்டைவிட்டதும் உண்டு. முதல் பிரதமர் என்று சொல்லப்படும் ராபர்ட் வால்போலின் ஓவியச் சேகரிப்பு விற்பனைக்கு வரும் நிலை இருந்தபோது, 1777இல் ஜான் வில்க்ஸ் என்ற உறுப்பினர் நாடாளுமன்றத்தில் எழுந்து, அரசே இதை வாங்கி மக்களுக்காக ஒரு காட்சிக்கூடம் கட்டலாமே என்றார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டே வருடத்தில் வால்போலின் பேரன் அந்தப் படங்களை ரஷ்யப் பேரரசி கேத்தரினுக்கு விற்றுவிட்டார். அவற்றில் பலவற்றைப் பார்க்க இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடாஜுக்குத்தான் போக வேண்டும்.

அடுத்த வாய்ப்பு வர ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆனது. வேடிக்கை என்னவென்றால் இந்தத் தடவை ஆள் வந்தது அதே செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து. ஜான் ஜூலியஸ் ஆங்கர்ஸ்டைன் அங்கே பிறந்து, இளவயதில் லண்டன் வந்து, கப்பல் காப்பீட்டுத் தொழிலில் பெரும்பணம் சேர்த்தவர். லாயிட்ஸ் என்ற காப்பீட்டுச் சந்தை வட்டாரத்தில் செல்வாக்கான புள்ளி. அந்தக் காலத்துக் கப்பல் காப்பீடு என்றால் அடிமை வணிகத்தோடும் அடிமைகள் உழைத்த தோட்டங்களோடும் பின்னிக் கிடந்த தொழில். கரீபியன் தீவுத் தோட்டச் சொத்துகளுக்கு இவர் அறங்காவலராகவும் இருந்திருக்கிறார். கேலரியே இப்போது இதையெல்லாம் ஆராய்ந்து தன் வரலாற்றில் சேர்த்துச் சொல்கிறது. மக்கள் சொத்தின் முதல் செங்கல் எந்தப் பணத்தில் வந்தது என்பதும் தெரிந்திருக்க வேண்டியதுதானே.

ஆங்கர்ஸ்டைன் 1823இல் இறந்தார். அவருடைய 38 ஓவியங்களை 57,000 பவுண்டுக்கு அரசு வாங்கியது. அரசுக்குத் திடீரென்று இந்த ஆசை வந்ததற்குக் காரணம் உண்டு: போர்க்காலத்தில் ஆஸ்திரியாவுக்குக் கொடுத்த கடன் இனி வராது என்று எழுதி வைத்திருந்தார்கள், அதில் ஒரு பகுதி எதிர்பாராமல் திரும்பி வந்துவிட்டது. வராக்கடன் வந்த சந்தோஷத்தில் பிறந்தது நேஷனல் கேலரி என்று சொன்னால் தப்பில்லை.

இன்னொரு தூண்டுதலும் இருந்தது. சர் ஜார்ஜ் போமான்ட் என்பவர், தாமே படம் வரைகிறவர், ‘நீங்கள் ஆங்கர்ஸ்டைன் படங்களை வாங்கி ஒழுங்கான இடம் ஏற்பாடு செய்தால் என் படங்களையும் தருகிறேன்’ என்று வாக்குக் கொடுத்திருந்தார். சொன்னபடி கொடுத்தும் விட்டார். ஆனால் அதில் குளோட் லொரைன் வரைந்த சின்ன நிலக்காட்சி ஒன்று, பைபிளில் வரும் ஆகார் என்ற பெண்ணும் தேவதூதனும் இருப்பது, அவருக்கு உயிர். அந்தப் படம் இல்லாமல் இருக்க முடியவில்லை. கேட்டு வாங்கித் தம்மிடமே வைத்துக்கொண்டார், 1827இல் அவர் இறந்த பிறகுதான் அது திரும்பியது. கொடை கொடுத்தவரே கொடுத்த பொருளைப் பிரிய முடியாமல் தவித்தது எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த இடம்.

கேலரி 1824 மே 10ஆம் தேதி திறந்தது. எங்கே? ஆங்கர்ஸ்டைன் வாழ்ந்த அதே வீட்டில், பால் மால் தெரு 100ஆம் எண். பாரிஸில் லூவர் ஓர் அரண்மனை, இங்கே தெருவோரம் ஒரு குடியிருப்பு வீடு. பத்திரிகைகள் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேலி செய்ய இதைவிட என்ன வேண்டும். நெரிசல், புழுக்கம். அப்புறம் 1834இல் அந்த வீடே நிலத்தில் இறங்க ஆரம்பித்ததால் அதே தெருவில் இன்னொரு வீட்டுக்கு மாற்றினார்கள்.

இங்கே ஒரு சின்ன நடைமுறை விஷயம் சொல்லிவிடுகிறேன். கேலரிக்குச் சொந்தமாகும் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பதிவு எண் உண்டு. என்ஜி 1 என்ற எண் செபாஸ்டியானோ டெல் பியோம்போ வரைந்த ‘லாசரு உயிர்த்தெழுதல்’ படத்துக்கு. ஆங்கர்ஸ்டைன் சேகரிப்பிலிருந்து வந்த இந்தப் பிரம்மாண்டமான படத்துக்கு மைக்கலாஞ்சலோ சில உருவங்களை வரைந்து கொடுத்து உதவினார். படத்துக்குப் பக்கத்து அட்டையில் இந்த எண்ணைப் பார்க்கலாம். எண் சிறியதாக இருந்தால் ஆரம்ப காலத்தில் வந்தது என்று புரிந்துகொள்ளலாம். வான் ஐக்கின் ‘அர்னோல்ஃபினி’ தம்பதி படம் 186ஆம் எண், 1842இல் வெறும் 600 பவுண்டுக்கு வாங்கியது.

நிரந்தரக் கட்டடம் 1838இல்தான் வந்தது, இப்போது இருக்கிற இடத்தில். முன்பு அரச குதிரை லாயம் இருந்த நிலம் அது. இடத்தைத் தேர்ந்தெடுத்த காரணத்தைக் கவனியுங்கள்: மேற்கே இருக்கிற பணக்காரர்கள் வண்டியில் வரலாம், கிழக்கே இருக்கிற ஏழைகள் நடந்தே வரலாம். அதாவது ‘மக்கள்’ என்றால் யார் என்ற கேள்விக்கு வரைபடத்திலேயே பதில் எழுதிவிட்டார்கள். கட்டடம்தான் சுமார். வில்லியம் வில்கின்ஸ் என்ற கட்டடக் கலைஞருக்குப் பணமும் குறைவு, நிலமும் குறைவு. பின்னால் ராணுவக் குடியிருப்பும் ஏழைகள் விடுதியும் இருந்ததால் ஓர் அறை ஆழத்துக்கு மேல் போக முடியவில்லை. போதாததற்குக் கிழக்குப் பாதியை ராயல் அகாடமி என்ற ஓவியர் அமைப்புக்கு விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது, அவர்கள் காலி செய்ய 1868 ஆகிவிட்டது. மேலே இருக்கிற குட்டிக் கோபுரங்களைப் பார்த்து மிளகுத்தூள் டப்பா என்று கிண்டல் செய்தார்கள். இப்போது பார்த்தாலும் அந்தக் குவிமாடம் அவ்வளவு பெரிய சதுக்கத்துக்குப் போதவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கூட்டம் மட்டும் வந்தது. எல்லாத் தரப்பும் வந்தது. அதுதான் பிரச்சினையும் ஆனது. 1850இல் நாடாளுமன்றக் குழு ஒன்று கேலரியின் நிலையை விசாரித்தபோது, பொறுப்பாளர் தாமஸ் யுவின்ஸ் சொன்ன சாட்சியம் இன்றைக்குப் படித்தாலும் சிரிப்பு வரும். மழை வந்தால் ஒதுங்க வருகிறார்கள், குழந்தைக்கு நடை பழக்குகிறார்கள், ஆரஞ்சுத் தோலைப் போட்டுவிட்டுப் போகிறார்கள் என்று வரிசையாகக் குறை. ஒருநாள் கிராமத்திலிருந்து வந்தவர்கள் போலத் தெரிந்த ஒரு குடும்பம் சாப்பாட்டுக் கூடையோடு வந்து, நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டுக்கொண்டு சாவகாசமாகச் சாப்பிட உட்கார்ந்துவிட்டது. இவர் போய், இங்கே இப்படிச் செய்யலாமா என்று கேட்க, அவர்களுக்குக் கோபமே வரவில்லை. அந்த அம்மா இவருக்கும் ஒரு கிளாஸ் ஜின் ஊற்றிக் கொடுத்து, எங்களோடு சாப்பிடுங்கள் என்று உபசரித்தாராம். அவர்களைப் பொறுத்தவரை இது நம் இடம், வந்திருக்கிறவர் விருந்தாளி. சொத்துரிமையை அந்தக் குடும்பத்தைவிடச் சரியாக யாரும் புரிந்துகொண்டதாக எனக்குத் தெரியவில்லை!

ஆனால் இன்னொரு பக்கமும் நியாயம் இருந்தது. லண்டனின் நிலக்கரிப் புகை, கூட்டத்தின் மூச்சுக்காற்று, உடைகளிலிருந்து வரும் தூசி எல்லாம் படத்தின் மேல் படிகின்றன. மின்சார ஆராய்ச்சியால் பேர்பெற்ற மைக்கேல் ஃபாரடேயையே கூப்பிட்டுக் கருத்துக் கேட்டார்கள். படங்களுக்கு முன்னால் கண்ணாடி போட்டுக் காக்கலாம் என்ற யோசனை வலுப்பெற்றது. புகை அடிக்காத கென்சிங்டன் பக்கம் மொத்தக் கேலரியையும் மாற்றிவிடலாம் என்ற பேச்சு வருடக்கணக்கில் ஓடியது. 1857இல் இதை முடிவு செய்ய ஓர் ஆணையம் அமைத்தார்கள். அதில் நீதிபதி கோல்ரிட்ஜ் சொன்ன கருத்தின் சாரம் இது: படங்கள் பத்திரமாக இருப்பது மட்டும் நம் நோக்கமல்ல, அவற்றைப் பார்த்து மக்கள் அடையும் மேன்மையான இன்பம்தான் நோக்கம், படங்கள் அதற்கு ஒரு வழி மட்டுமே. நகரத்தின் நடுவில் இருந்தால் வேலைக்கு நடுவே கிடைக்கும் கொஞ்ச நேரத்தில்கூட ஒருவர் உள்ளே எட்டிப் பார்க்கலாம் என்பதற்கும் அவர் மதிப்புக் கொடுத்தார். கேலரி இடம் மாறவில்லை. பொதுக் கலைக்கூடம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் இந்த ஒரு முடிவைக் காட்டினால் போதும்.

அதே காலத்தில் இன்னொரு சண்டை படம் துலக்குவதைப் பற்றி. எண்ணெய் ஓவியத்தின் மேல் பாதுகாப்புக்காக வார்னிஷ் பூசுவார்கள். அது வருடம் போகப் போக மஞ்சளாகி, பழுப்பாகி, நீல வானத்தையே தேநீர்க் கலருக்குக் கொண்டுவந்துவிடும். பல பேர் அந்தப் பழுப்பைத்தான் பழைய ஓவியத்தின் அழகு என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். 1840களில் சார்லஸ் ஈஸ்ட்லேக் பொறுப்பில் இருந்தபோது சில படங்களின் வார்னிஷை எடுத்துத் துலக்க, உள்ளே இருந்த பளிச்சென்ற நிறங்கள் வெளியே வந்தன. ‘படத்தையே சுரண்டிவிட்டார்கள்’ என்று பத்திரிகைகளில் கூச்சல். அவர் பதவியை விட்டு விலகினார். இந்தச் சண்டை இன்றுவரை ஓயவில்லை. எந்தப் பெரிய கலைக்கூடத்தில் எந்தப் பெரிய படத்தைத் துலக்கினாலும், கெடுத்துவிட்டார்கள் என்று ஒரு கட்சி கிளம்பும்.

ஈஸ்ட்லேக் 1855இல் திரும்பி வந்தார், இம்முறை முதல் இயக்குநராக. கேலரியை இன்றைய கேலரியாக்கியவர் யார் என்று கேட்டால் நான் இவரைத்தான் சொல்வேன். அதுவரை அங்கே ரஃபேல் காலத்துக்குப் பிந்தைய, பணக்கார வீடுகளில் மதிப்புப் பெற்ற படங்கள்தான் அதிகம். இவர் வருடந்தோறும் இத்தாலி போய், தேவாலயம் தேவாலயமாக, வீடு வீடாக ஏறி இறங்கி, குறிப்பேட்டில் எழுதி, பேரம் பேசி, அப்போது அவ்வளவாக யாரும் சீண்டாத 15ஆம் நூற்றாண்டுப் படங்களை வாங்கிக் குவித்தார். உச்செல்லோவின் ‘சான் ரொமானோ போர்’, பியேரோ டெல்லா பிரான்செஸ்காவின் ‘ஞானஸ்நானம்’ எல்லாம் இவர் கொண்டு வந்தவை. ஓவியத்தின் வரலாற்றை ஆரம்பத்திலிருந்து வரிசையாகக் காட்ட வேண்டும், வெறும் அழகான படங்களின் குவியலாக இருக்கக் கூடாது என்பது இவருடைய எண்ணம். கடைசியில் 1865இல் இத்தாலியிலேயே, பீசா நகரத்தில் காலமானார்.

டர்னரின் உயிலும் இந்தக் காலத்துக் கதை. 1851இல் இறந்த அவர் தம் படைப்புகளை நாட்டுக்கு எழுதி வைத்தார், ஒரு நிபந்தனையோடு: என்னுடைய இரண்டு படங்களைக் குளோட் லொரைனின் இரண்டு படங்களுக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும். தமக்குப் பிடித்த குருவோடு தம்மை ஒப்பிட்டுப் பாருங்கள் என்று உலகத்துக்கே விட்ட சவால். இன்றும் அந்த நான்கு படங்களையும் ஒரே அறையில் ஒன்றாகத்தான் மாட்டியிருக்கிறார்கள். பிரிட்டிஷ் ஓவியங்கள் பெருகிப்போய் இடம் போதாமல் 1897இல் மில்பேங்கில் தனியாக ஒரு கிளை தொடங்கினார்கள். அதுதான் பின்னாளில் டேட் என்று பெயர்பெற்றுத் தனி நிறுவனமானது. டேட்டிடம் நவீன ஓவியமும், நேஷனல் கேலரியிடம் சுமார் 1900 வரையிலான ஐரோப்பிய ஓவியமும் என்று பிரிந்தது இப்படித்தான்.

புதிய பாணிப் படங்களை வாங்குவதில் கேலரி ரொம்பவே தயங்கியது. 1918இல் நடந்த ஒரு சம்பவம் இதை நன்றாகக் காட்டும். டெகா என்ற ஓவியர் இறந்துவிட, அவர் சேர்த்து வைத்திருந்த படங்கள் பாரிஸில் ஏலத்துக்கு வந்தன. பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ் அப்போது நிதித்துறையில் இருந்தார். போர் நடந்துகொண்டிருக்கும்போதே அரசிடம் பேசி 5,50,000 பிராங்க் வாங்கிக்கொண்டு, கேலரி இயக்குநர் சார்லஸ் ஹோம்ஸையும் கூட்டிக்கொண்டு பாரிஸ் போனார். தம்மை யாரும் அடையாளம் கண்டுகொண்டால் விலை ஏறிவிடும் என்று ஹோம்ஸ் மீசையை மழித்துக்கொண்டு கண்ணாடியும் போட்டுக்கொண்டாராம். ஜெர்மன் பீரங்கி பாரிஸ் மேல் குண்டு போட்டுக்கொண்டிருந்ததால் ஏலத்தில் விலை குறைவு. மானே, ஆங்கர், டெலக்ரவா என்று நல்ல படங்களை வாங்கினார்கள். ஆனால் ஹோம்ஸுக்கு செசான் என்ற ஓவியரைப் பிடிக்கவில்லை. கொண்டுபோன பணத்தில் மிச்சம் இருந்தும் ஒரு செசான்கூட வாங்காமல் வந்தார். கெய்ன்ஸ் தம் சொந்தக் காசில் சின்ன ஆப்பிள் படம் ஒன்றை வாங்கினார். ஊர் திரும்பியபோது நண்பர்கள் வீட்டுக்குப் போகும் வழியில் பெட்டி கனக்கிறது என்று அதைத் தெருமுனை வேலியோரம் வைத்துவிட்டு வந்து, வேலியடியில் ஒரு செசான் இருக்கிறது, யாராவது போய் எடுத்து வாருங்கள் என்றாராம். சில வருடம் கழித்து, சாமுவேல் கோர்ட்டோல்ட் என்ற துணி ஆலை முதலாளி 50,000 பவுண்டு கொடுத்த பிறகுதான் வான் கோவின் சூரியகாந்திகள் 1924இல் லண்டன் வந்து சேர்ந்தன.

படங்களைத் தாக்கிய கதைகளும் உண்டு. பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடிய மேரி ரிச்சர்ட்சன் 1914 மார்ச் 10 அன்று இறைச்சி வெட்டும் கத்தியோடு வந்து வெலாஸ்கஸின் வீனஸ் படத்தைக் கிழித்தார். தலைவர் எம்மலின் பேங்கர்ஸ்ட்டைக் கைது செய்ததற்கு எதிர்ப்பு. அப்படத்தை ஆண்கள் நாள் முழுக்க வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்ததும் தமக்குப் பிடிக்கவில்லை என்று பிற்காலத்தில் சொன்னார். 2022இல் சூரியகாந்திகள் மேல் தக்காளி சூப்பை ஊற்றினார்கள் சுற்றுச்சூழல் போராட்டக்காரர்கள். முன்னால் கண்ணாடி இருந்ததால் படம் தப்பித்தது, படத்தைச் சுற்றியிருந்த மரச்சட்டத்துக்குத்தான் சேதம். 1961இல் கோயா வரைந்த வெலிங்டன் பிரபு படம் களவு போனது. கடைசியில் கெம்ப்டன் பண்டன் என்ற ஓய்வுபெற்ற ஓட்டுநர் சரணடைந்தார். படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டதால் நீதிமன்றம் அவரைப் படம் திருடிய குற்றத்திலிருந்து விடுவித்து, திரும்பி வராத படச்சட்டத்தைத் திருடியதற்கு மட்டும் தண்டித்தது.

இதையெல்லாம் விடப் பெரிய சோதனை இரண்டாம் உலகப் போர். கொஞ்சம் நின்று சொல்ல வேண்டிய பகுதி இது. 1939 ஆகஸ்ட் 23 தொடங்கி செப்டம்பர் 2க்குள், அதாவது பிரிட்டன் போர் அறிவித்ததற்கு முந்தின நாளுக்குள், படங்கள் எல்லாவற்றையும் கழற்றிக் கட்டி ரயிலேற்றி வேல்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே கோட்டைகளிலும் பல்கலைக்கழகக் கட்டடங்களிலும் வைத்தார்கள். பிரான்ஸ் விழுந்த பிறகு அங்கேயும் குண்டு விழலாம் என்ற பயம் வந்தது. கனடாவுக்குக் கப்பலில் அனுப்பிவிடலாமா என்று இயக்குநர் கென்னத் கிளார்க் தரப்பில் யோசித்தபோது சர்ச்சில் ஒரேயடியாக மறுத்துவிட்டார்: குகையிலோ நிலவறையிலோ ஒளித்து வையுங்கள், ஒரு படம்கூட இந்தத் தீவை விட்டுப் போகக் கூடாது.

அப்படித் தேடிக் கிடைத்ததுதான் வட வேல்ஸில் மானட் என்ற மலைக்குள் இருந்த சிலேட்டுச் சுரங்கம். வாசல் சின்னதாக இருந்ததால் வெடி வைத்துப் பெரிதாக்கினார்கள். உள்ளே செங்கல்லில் வீடு வீடாகக் கட்டி, வெப்பமும் ஈரப்பதமும் மாறாமல் பார்த்துக்கொண்டார்கள். வான் டைக் வரைந்த குதிரைமேல் முதலாம் சார்லஸ் படம் ஏறக்குறைய 12 அடி உயரம். அதை ஏற்றிய லாரி வழியில் ஒரு ரயில் பாலத்துக்கு அடியில் நுழையவில்லை. பாலத்தைத் தூக்க முடியாது, படத்தையும் மடக்க முடியாது. பாலத்துக்கு அடியில் இருந்த சாலையைத் தோண்டிப் பள்ளமாக்கி லாரியை ஓட்டிப் போனார்கள்.

இந்தச் சுரங்க வாசத்தில் எதிர்பாராத ஒரு பலன் கிடைத்தது. லண்டனில் இருந்தபோது மரப்பலகைகள் வெடிப்பதும் வண்ணம் கொப்பளித்து உதிர்வதும் பராமரிப்பாளர்களுக்கு ஓயாத வேலை. மலைக்குள் போனதும் அது பெரும்பாலும் நின்றுவிட்டது. பழைய ஓவியத்துக்கு எதிரி குளிரோ வெப்பமோ அல்ல, இரண்டும் மாறி மாறி வருவதுதான் என்று கண்ணெதிரே நிரூபணமானது. போருக்குப் பின் காட்சி அறைகளில் காற்றின் ஈரத்தையும் வெப்பத்தையும் கட்டுப்படுத்த இறங்கியதற்கு இந்த அனுபவம்தான் அடிப்படை.

லண்டனில் கட்டடம் காலி. மைரா ஹெஸ் என்ற பியானோ கலைஞர் வந்து, இங்கே மதியக் கச்சேரி நடத்தலாமா என்று கேட்டார். 1939 அக்டோபர் 10 அன்று முதல் கச்சேரி. கொஞ்சம் பேர் வந்தாலே பெரிது என்று நினைத்தார்கள், வாசலில் வரிசை நீண்டது. நுழைவுக்கு ஒரு ஷில்லிங். தேனும் உலர் திராட்சையும் வைத்த சாண்ட்விச் விற்றார்கள். கேலரி மேல் 1940 அக்டோபரிலிருந்து 1941 ஏப்ரலுக்குள் ஒன்பது தடவை குண்டு விழுந்தும் கச்சேரி நிற்கவில்லை, அறை மட்டும் மாறியது. போர் முடிந்த பிறகும் கொஞ்ச காலம் ஓடி மொத்தம் 1,698 கச்சேரிகள், எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பார்வையாளர்கள்.

1942 ஜனவரியில் டைம்ஸ் பத்திரிகைக்கு ஒரு வாசகர் கடிதம் எழுதினார். நகரமே இடிந்து அசிங்கமாகிக் கிடக்கும்போதுதான் அழகான ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது, ஒரே ஒரு படத்தையாவது காட்டுங்களேன் என்று. நியாயமாகப் பட்டது. மாதம் ஒரு படத்தை மானட்டிலிருந்து வரவழைத்துத் தனியாக மாட்ட ஆரம்பித்தார்கள், முதலில் வந்தது டிஷியனின் ‘நோலி மே தாங்கெரே’. படம் கெட்டுவிடும் என்ற பயத்தைவிட மக்கள் பார்க்க வேண்டும் என்ற வாதம் குண்டு மழைக்கு நடுவிலும் ஜெயித்தது.

பணம் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. அரசு மானியம் நிர்வாகச் செலவுக்கு உதவும்; பெரிய படம் வாங்க அது காணாது. ஆகவே நன்கொடை, லாட்டரி நிதி, பொதுமக்களிடம் வசூல் என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள். 1962இல் டா வின்சியின் பெரிய கரிக்கோட்டுச் சித்திரத்தை 8,00,000 பவுண்டுக்கு வாங்க மக்களிடம் வசூலித்தார்கள். டிஷியனின் ‘டயானாவும் ஆக்டியனும்’ 2009இல் 5 கோடி பவுண்டு, அதையும் ஸ்காட்லாந்தின் தேசியக் கலைக்கூடத்தோடு சேர்ந்து வாங்கியதால் படம் இரண்டு இடத்திலும் மாறி மாறி இருக்கும். வாங்கியதை விற்கச் சட்டம் இடம் தராது. நுழைவு இலவசம் என்பதிலும் சின்னச் சின்னச் சறுக்கல் உண்டு: 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், படி எடுத்துப் பழகும் ஓவியர்களுக்கு ஒதுக்கிய நாட்களில் மற்றவர்கள் ஆறு பென்ஸ் கொடுக்க வேண்டும், 1974இல் அரசு கட்டாயக் கட்டணம் கொண்டு வந்து சில மாதங்களிலேயே எடுத்துவிட்டது.

கொடையாளி என்றால் வாயை மூடிக்கொண்டு காசு கொடுப்பவர் என்று நினைக்காதீர்கள். பக்கத்தில் போரில் குண்டு விழுந்து காலியாகக் கிடந்த மனையில் கேலரியை நீட்டிக்க 1980களில் திட்டம் போட்டார்கள். அரசிடம் பணமில்லாததால் வாடகை அலுவலகங்களும் சேர்ந்த ஒரு வடிவம் தயாரானது. இளவரசர் சார்லஸ் 1984இல் அதை, அன்பான நண்பரின் முகத்தில் வந்த கட்டி என்று மேடையிலேயே திட்டித் தீர்க்க, திட்டம் படுத்துவிட்டது. பிறகு சூப்பர் மார்க்கெட் முதலாளிகளான செயின்ஸ்பரி சகோதரர்கள் மொத்தச் செலவையும் ஏற்றுக்கொண்டார்கள். ராபர்ட் வென்டூரியும் டெனிஸ் ஸ்காட் பிரவுனும் வடிவமைத்த செயின்ஸ்பரி பகுதி 1991இல் திறந்தது.

அதன் தரைத்தளத்தில் எடை எதையும் தாங்காத, சும்மா அலங்காரத்துக்கு வைத்த தூண்கள் சில இருந்தன. சமீபத்துப் புதுப்பிப்பு வேலையில் 2023இல் அதில் ஒன்றை இடித்தபோது உள்ளே பிளாஸ்டிக் உறையில் ஒரு கடிதம். எழுதியவர் ஜான் செயின்ஸ்பரி, தேதி 1990 ஜூலை. இதை நீங்கள் படிக்கிறீர்கள் என்றால் இந்தப் போலித் தூணை இடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம், இது கட்டடக் கலைஞர் செய்த தவறு என்பது என் கருத்து, தேவையில்லாத இந்தத் தூணை எடுக்க உங்கள் தலைமுறை முடிவு செய்ததில் எனக்கு ரொம்ப மகிழ்ச்சி என்கிற தொனியில் எழுதியிருந்தார். கொடுத்தவர் பணத்தில் கட்டும் கட்டடத்திலேயே அவர் பேச்சு எடுபடாமல் போயிருக்கிறது, அவரும் பொருமிக்கொண்டே விட்டுக்கொடுத்திருக்கிறார். கடிதம் கிடைத்தபோது அவர் உயிரோடு இல்லை.

அந்தப் பகுதி 2025 மே மாதம் மறுபடியும் திறந்து, இப்போது அதுதான் முக்கிய வாசல். அதே வருடம் செப்டம்பரில் இன்னொரு அறிவிப்பும் வந்தது: பின்பக்கம் புதிதாக ஒரு பகுதி கட்டப்போகிறார்கள், 1900க்குப் பிந்தைய ஓவியங்களையும் இனி சேர்க்கப்போகிறார்கள், அதற்காக இரண்டு அறக்கட்டளைகள் தலா 15 கோடி பவுண்டு கொடுக்கின்றன. டேட்டோடு போட்டிருந்த எல்லைக்கோடு இதனால் அழிகிறது. ஒரே வரிசையில் இடைக்கால இத்தாலியிலிருந்து பிக்காசோ வரைக்கும் நடந்து பார்க்கலாம் என்பது பார்வையாளருக்கு நல்லதுதான். ஆனால் நவீன ஓவியம் இன்று விற்கிற விலைக்கு இவர்கள் எதை வாங்குவார்கள், எதைக் கடன் கேட்பார்கள், டேட் என்ன சொல்லும் என்பதெல்லாம் இனிமேல்தான் தெரியவரும்.